பூமாதேவி கார்டனில் பால் காய்ச்சினவர்கள்

வாங்க, உக்காருங்க. பூமாதேவி கார்டன்ல சக்கர வீடு வாங்கலாமான்னு கேக்கறதுக்கு என்னைத் தேடிப் பொள்ளாச்சி வரைக்கும் வந்தவங்கள்ல நீங்க எட்டாவது ஜோடி. மொதல்ல இந்த மோரைக் குடிங்க. அந்தச் செவுத்துல இருக்கற போட்டோவை அப்பறம் பாக்கலாம். எல்லாரும் உள்ள நுழைஞ்சதும் அதைத்தான் பாக்கறாங்க, அந்தப் புள்ளை மொகம் அப்படி. ஆனா அதைப் பத்திச் சொல்லணும்னா அடியில இருந்து வரணும், நடுவுல எந்திரிச்சுப் போனீங்கன்னா நான் சொல்றது எதுவும் உங்களுக்கு ஒதவாது.

என்ற பேரு மாராத்தாள். திருப்பூர்ல பனியன் கம்பெனியில முப்பத்தொரு வருசம் செக்கிங்ல இருந்தவ. தச்சு வர்ற பனியனை வெளிச்சத்துல விரிச்சுப் பாத்து, ஊசி ஓட்டை இருக்குதா, எண்ணெய்க் கறை இருக்குதா, தையல் விட்டிருக்குதான்னு பாத்து, நல்லதை ஒரு பக்கமும் டேமேஜை ஒரு பக்கமும் போடற வேலை. மாராத்தா பாஸ் போட்ட பீஸு கடல் தாண்டிப் போயித் திரும்பி வந்ததில்லைன்னு கம்பெனியில பேரு. அந்தத் திமிரு எனக்கு நெறைய இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டுத்தான் என்ற சொந்த வீட்டுல இருந்த ஓட்டையைப் பாக்காம விட்டேன்.

எங்க வீட்டுக்காரர் நாச்சிமுத்து கட்டிங் மாஸ்டர். கல்யாணம் ஆன நாள்ல இருந்து லைன் வீடுதான் எங்களுக்கு. பத்து வீட்டுக்கு ஒரு பாத்ரூம், ஆணி அடிச்சா வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பாக்கும், சொந்தக்காரங்க வந்து தங்கினா தண்ணி எத்தனை கொடம் புடிச்சேன்னு கேக்கும். அப்படி வயசையெல்லாம் கரைச்சுட்டு, ரெண்டு பேரும் வேலையை விட்டு, கையில பி.எஃப். பணம் வந்த சமயத்துல பஸ்ஸு பின்னாடி ஒரு போர்டு பாத்தோம். "ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அமைதியான சொந்த வீடு." சொந்த வீடுங்கற ரெண்டு வார்த்தையைப் பாத்ததும் மத்த எழுத்தெல்லாம் என்ற கண்ணுக்கு மறைஞ்சு போச்சு.

தாராபுரத்துக்கு மேக்கால, கரண்டு எடுக்கற காத்தாடிக மரமாட்டம் நெட்ட நெட்டயா நின்னு சுத்திக்கிட்டே இருக்கற பொட்டக்காடு. நாலு வரிசை, நாப்பது வீடு. லாரிக்கு அடியில இருக்குமே சேஸிஸு, அதுமேல தகரமும் பிளைவுட்டும் அடிச்சு, ஹாலு, சமையலறை, பாத்ரூம்னு எல்லாம் அம்சமா பண்ணி, சக்கரம் தெரியாம சுத்தியும் பலகை வெச்சு மூடி, ஏறி எறங்க மூணு படி. சூப்ரவைசர் கதிர்வேல்னு ஒருத்தர், வெள்ளைச் சட்டை, வாய் நெறையச் சிரிப்பு. "வீடு உங்களுதுங்கம்மா, அடிமனைக்கு மட்டும் காட்டுக்காரருக்கு மாசாமாசம் வாடகை குடுத்தாப் போதுமுங்க" அப்படின்னாரு. எங்க பக்கம் நெலத்துக்குச் சொந்தக்காரரைக் காட்டுக்காரர்னுதான் சொல்லுவோம். "புடிக்கலீன்னா வீட்டை இழுத்துக்கிட்டே போயிரலாமுங்க, சக்கரம் எதுக்கு இருக்குது?" அப்படின்னும் சொன்னாரு.

நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? செவுத்தைத் தட்டிப் பாத்தேன். கொழாயைத் தொறந்து தண்ணி செவப்பா வருதான்னு பாத்தேன். சன்னல் ஸ்க்ரீன்ல தையல் கோணலா இருக்குதுன்னு சொல்லி வேற போட வெச்சேன். இருபத்தேழு பக்கம் அக்ரிமெண்ட்டுல ஒரு பக்கம் கூடப் படிக்காம, எங்க காட்டினாங்களோ அங்கயெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அதுல இருந்தது என்னன்னா, ஐம்பது வயசுக்குக் கீழ யாரும் குடியிருக்கக் கூடாது, விருந்தாளி மூணு ராத்திரிக்கு மேல தங்கக் கூடாது, கோழி நாயி கூடாது, சித்திரைக்குச் சித்திரை வாடகை ஏறும். என்ற ஒரே மக ரஞ்சனியை அந்த வருசந்தான் இந்தப் பொள்ளாச்சியில கட்டிக் குடுத்திருந்தேன். கல்யாணம் ஆன புள்ளையை வெச்சிருக்கற ஒருத்தி, தலைப்பிரசவத்துக்குப் புள்ளை ஆத்தா வீட்டுக்கு வருமே, வந்தா மூணு மாசம் இருக்குமேன்னு நெனைக்காம அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடுவாளா? நான் போட்டேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு, அதை நாப்பது பேர்ல முப்பத்தொம்பது பேரு பண்ணினோம். நல்ல நாள் பாத்து, உப்பும் மஞ்சளும் நெறைகொடமும் எடுத்துக்கிட்டு வலது காலை வெச்சு உள்ள போயி, கெழக்கால அடுப்பு வெச்சுப் பாலைக் காய்ச்சினோம். நெலம் இன்னொருத்தருது, வீடோ சக்கரத்து மேல நிக்குது, இங்க எதை நம்பிப் பாலைப் பொங்க விடறோம்னு ஒருத்திக்கும் தோணல. லைன் வீட்டுக்குப் போனாக்கூடப் பாலு காய்ச்சித்தானே போனோம்? பாலு பொங்கி அடுப்பு மேல வழிஞ்சப்ப வீடு ஒரு தடவை லேசாக் குலுங்குச்சு. காத்துன்னு நெனைச்சேன்.

மொதல்ல அது தெரிஞ்சது ஆறாம் நம்பர் துளசியக்கா வீட்டுல. ரெண்டாவது சித்திரைக்கு வாடகை ஏறினதும் அக்கா பையன் மோகனசுந்தரம், ஓசூர்ல இருக்கறவன், "எடம் வாங்கிட்டேன், வீட்டை இழுத்துக்கிட்டு இங்க வந்துருங்கம்மா"ன்னு டிராக்டரை அனுப்பினான். சக்கரத்துக்குக் காத்தடிச்சு, தாங்கலுக்கு வெச்ச கல்லை உருவி, தண்ணிக் கொழாயைக் கழட்டி, ஒரு பகல் பூரா வேலை. அக்கா அழுதுக்கிட்டே அவங்க கறிவேப்பிலைச் செடியை எனக்குக் குடுத்துட்டுப் போச்சு. நாங்க எல்லாரும் கேட்டு வரைக்கும் போயிக் கையாட்டினோம். ஆறாம் நம்பர்ல வெறும் நாலு கல்லு மட்டும் கெடந்துச்சு.

மூணாம் நாள் விடிஞ்சு வாசத் தெளிக்க வந்தா, வீடு இருந்த எடத்துலயே நிக்குது. அதே நாலு கல்லு மேல, கொழாய் மாட்டி, படி போட்டு, பலகை மூடி. துளசியக்கா வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருக்குது. "என்னக்கா, திரும்பி வந்துட்டீங்க?"ன்னேன். "எங்க போனேன் நானு? நீ எந்திரிச்சதும் என்னத்தையாவது ஒளறாதே"ன்னு சிரிச்சுது. அவங்க வீட்டுக்காரர் ராக்கியப்பண்ணன் படியில உக்காந்திருந்தாரு, கையில ஓசூர் பேக்கரி கேரி பேக்கு. ஓசூர்ல பையன் எடத்துல வீட்டை நிறுத்தி, பையன் கூட உக்காந்து சாப்பிட்டுப் படுத்தோம், முழிச்சப்ப சன்னல்ல காத்தாடி தெரிஞ்சுதுன்னு அவரு சொன்னாரு. அப்ப போன் அடிச்சுது. துளசியக்கா எடுத்துப் பேசுச்சு. "எந்த மோகனுங்க தம்பி? ராங் நம்பருங்க. பரவால்ல, வெய்யிங்க." பெத்த தாய் சொன்ன வார்த்தை இது. ராக்கியப்பண்ணன் அந்தக் கேரி பேக்கைக் கசக்கிக் கசக்கி அழுதாரு.

ஏன் எப்படின்னு என்னைக் கேக்காதீங்க. நாங்களும் ஒரு ரெண்டு நாள் கேட்டோம். மூணாவது நாள் தண்ணி லாரி வந்துச்சு, கொடத்தை எடுத்துக்கிட்டு ஓடினோம். மோகன் பதறியடிச்சு வந்தான், அம்மா அம்மான்னு காலைக் கட்டிக்கிட்டு அழுதான். அக்காளுக்குச் சங்கடமாப் போச்சு. "யாரோ பாவம், ஆத்தாளைத் தொலைச்சவன் போல"ன்னு காப்பி வெச்சுக் குடுத்துச்சு. அவன் மாசாமாசம் வந்தான். போகப் போக அக்கா எங்ககிட்ட, "அந்த ஓசூருத் தம்பி எத்தனை மரியாதை பாரு, கண்டவங்களையெல்லாம் அம்மாங்குது"ன்னு சொல்ல ஆரம்பிச்சுது. அவன் வர்ற அன்னைக்கு வடை சுடும். நாங்களும் அவனை ஓசூருத் தம்பின்னே கூப்பிட்டுப் பழகிட்டோம்.

ஒவ்வொண்ணாத்தான் வெவரம் புரிஞ்சுது. பதினோராம் நம்பர் காளியப்பண்ணன், பொண்டாட்டி இல்லாதவரு, "பொம்பளையில்லாத வீட்டுல யாருக்குப் பாலு?"ன்னு காய்ச்சாமயே குடி வந்தவரு. அவரு வீட்டை இழுத்துக்கிட்டு ஒட்டன்சத்திரம் போனாரு, வீடு திரும்பல, அவருக்கு ஒண்ணும் மறக்கல. அப்பத்தான் தெரிஞ்சுது, பாலு காய்ச்சினவளைத்தான் வீடு புடிக்குது. ஆம்பளை எங்க வேணாலும் போலாம், வரலாம், எல்லாம் ஞாபகம் இருக்கும். மாட்டினதெல்லாம் நாங்கதான். எங்க போனாலும் அந்தக் கூத்துத்தானே!

வீட்டை விட்டுட்டு ஆளு மட்டும் போனா? அதையும் பாத்துட்டோம். பத்தொம்பதாம் நம்பர் சுப்புலட்சுமியக்கா ஒரு பையை மட்டும் எடுத்துக்கிட்டுக் கரூர்ல தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறுச்சு. தங்கச்சிகூட இருபது வருசத்துப் பகை, ஆத்தா காசுமாலையை அமுக்கினவ, இந்தத் தடவை நாக்கைப் புடுங்கற மாதிரி கேட்டுட்டு வர்றேன்னு போச்சு. மூணு ராத்திரி தங்குச்சு. நாலாவது நாள் காலைல கதவைத் தொறந்தா, வளத்த நாயி தேடிக்கிட்டு வந்த மாதிரி, சந்து வழியை அடைச்சுக்கிட்டு வாசல்ல வீடு நிக்குது. பால் வண்டி போக வழியில்லாம அத்தனை பேரும் கத்தினாங்களாம். அடுத்த நாள் வெடியக்காலம் வீடும் அக்காளும் இங்க. தங்கச்சின்னு ஒருத்தி இருந்ததே அக்காளுக்குத் தெரியல.

அதுக்கப்பறம் அக்கா மொகத்தைப் பாக்கணுமே! இருபது வருசமா நெஞ்சுல கெடந்த கொள்ளிக்கட்டையை எடுத்து வெளிய வீசின மாதிரி ஆயிருச்சு. நல்லாச் சாப்பிட்டுச்சு, மத்தியானத்துலயே குறட்டை விட்டுத் தூங்குச்சு, ரெண்டு மாசத்துல கன்னம் வெச்சுது. அதை நாங்க எல்லாரும் பாத்தோம். பாத்தது ஒண்ணு, அதுல இருந்து எங்க புத்தி போன வழி ஒண்ணு. மூணாம் நம்பர்க்காரி, சோறு போட மாட்டேன்னு சொன்ன மருமகளை நெனைச்சுக்கிட்டுத் திருச்செங்கோட்டுக்கு டிராக்டர் வெச்சா. இன்னொருத்தி, ஓடிப்போன மகளைப் பாக்க. "ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றேன்"னு சிரிச்சுக்கிட்டே போனாங்க, சிரிச்சுக்கிட்டே வந்தாங்க, யாருகிட்டப் போனாங்களோ அந்த ஆளை வழியில எறக்கி விட்டுட்டு. கதிர்வேல் ஆபீஸ்லயே ஒரு டிராக்டர் வாங்கி நிறுத்திட்டாரு. காட்டுக்காரருக்கு வெவரம் போச்சு. யாரும் காலி பண்ணறதில்லைன்னா நல்லதுதானேன்னு சொன்னாராம்.

பயந்தவங்களும் இருந்தோம். நாங்க பனியன் கம்பெனிக்காரிக, கையில லேபிள் டேப்புக்குப் பஞ்சமில்லை. புள்ளைங்க பேரு, பேரன் பேத்தி பேரு எல்லாத்தையும் டேப்புல எழுதி, ஜாக்கெட்டு உள்பக்கம் கழுத்துக்குக் கீழ வெச்சுத் தச்சுக்கிட்டோம். பிரயோசனமில்லை. துளசியக்கா ஜாக்கெட்டுலயும் மோகனசுந்தரம்னு தச்சு வெச்சோம், அது அதைப் படிச்சுட்டு, தச்ச கடை பேருன்னு நெனைச்சுக்கிச்சு. வருசம் ஒண்ணு ஓடுச்சு. மத்தியான நேரம் அந்தக் கார்டனுக்குள்ள நடந்தா காத்தாடி சத்தம் கேக்கும், நடுவுல ஏதாவது ஒரு வீட்டுல போன் அடிக்கும், அடிச்சு அடிச்சு ஓயும், எடுக்க மாட்டாங்க. எடுத்து என்ன பண்ண, யாருன்னு தெரியாதவங்களா கூப்பிடறாங்கன்னு சொல்லுவாங்க. அப்படிப் போயிட்டு வந்தவங்களுக்குள்ள சண்டை சச்சரவு கொறைஞ்சு போச்சு. எல்லாரும் குண்டா, சந்தோசமா இருந்தாங்க. நான் மத்தியானத்துல அந்தப் பக்கம் நடக்கறதையே விட்டுட்டேன்.

அந்தச் சமயத்துலதான் ரஞ்சனி உண்டானா. முன்னாடி ரெண்டு தடவை கரு நிக்கல. இந்தத் தடவை டாக்டரம்மா கட்டிலை விட்டுக் காலைக் கீழ வெக்கக் கூடாதுன்னுருச்சு. அவளுக்கு மாமியா இல்லை. மாப்பிள்ளை கண்டக்டர், ஒரு நாள் வீடு ஒரு நாள் பஸ்ஸு. "அம்மா, எப்பம்மா வருவே?"ன்னு கேப்பா. ஆத்தா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வரலாம்னா மூணு ராத்திரிக்கு மேல இருக்க விட மாட்டாங்க. நானு போயி இருக்கலாம்னா ரெண்டு ராத்திரிதான், மூணாவது ராத்திரி வீடு கெளம்பி வந்துரும், வந்து என்னை இழுத்துக்கிட்டுப் போயிரும், ரஞ்சனிங்கற பேரு எனக்கு யாரோ ஒருத்தி பேராப் போயிரும். ரெண்டு ராத்திரி இருந்துட்டு ஓடுவேன், ஒரு ராத்திரி வீட்டுல படுத்துட்டு மறுபடியும் பஸ் ஏறுவேன். ஊட்டி விட்டுக்கிட்டு இருக்கறப்பவே கண்ணு கடிகாரத்துல இருக்கும். "நான் அப்படி என்னம்மா பண்ணிட்டேன், ஒக்காந்து ரெண்டு வார்த்தை பேச மாட்டேங்கறே?"ன்னு அவ கேட்டா. நான் பையை எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஒரு தடவை வழியில ஏதோ கலாட்டான்னு பஸ்ஸெல்லாம் நிறுத்திட்டாங்க. மூணாவது நாள் பொழுது எறங்கற நேரம். தக்காளி ஏத்திக்கிட்டுப் போன வண்டியில கெஞ்சி ஏறி, கூடைக மேல உக்காந்துக்கிட்டு வந்து சேர்ந்தேன். கார்டன் கேட்டுக்குப் பக்கத்துல வர்றப்பவே பாத்துட்டேன். என்ற வீடு கல்லை விட்டு எறங்கி நிக்குது. படி ஒரு பக்கம் கழண்டு கெடக்குது, முன் சக்கரம் ரெண்டும் பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்குது. எங்க வீட்டுக்காரர் வாசல்ல செவுத்தை ரெண்டு கையாலயும் தள்ளிப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நான் ஓடிப் போயித் தாவி உள்ள ஏறினேன். வீடு மெதுவா, நாலு கல்லு மேல திரும்ப ஏறி உக்காந்துச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினோம், வித்தரலாம்னு.

விக்கறதுதான் ஒரே வழி. இருபத்திரண்டாம் நம்பர் ரத்தினா வித்துட்டுப் போனா, வாங்கினவ அதே அடுப்புல பாலு காய்ச்சினா, ரத்தினாளை வீடு விட்டுருச்சு. ஆனா வாங்க வர்றவங்ககிட்ட உள்ளதைச் சொன்னா யாரு வாங்குவா? எங்க வீட்டுக்காரர் சொன்னாரு: "மாராத்தா, உன்ற கால்ல விழுந்து கேக்கறேன், இந்த ஒரு தடவை வாயைத் தொறக்காதே. நம்ம புள்ளை அங்க தனியாக் கெடக்குது." முப்பத்தொரு வருசத்துல ஒரு டேமேஜ் பீஸைக் கூடத் தெரிஞ்சு பாஸ் போட்டதில்லைங்க நானு.

ரஞ்சனிக்கு ஆறாம் மாசம் முடியறப்ப வீடு பாக்க வந்தாங்க, கோபிக்காரங்க. சின்னராசுன்னு அவரு பேரு, அந்தம்மா தெய்வானை. வயசு அம்பத்திரண்டு இருக்கும், பாத்தா அறுவது சொல்லலாம், அத்தனை வத்தல். நான் செவுத்தைத் தட்டிக் காட்டினேன், கொழாயைத் தொறந்து காட்டினேன், அந்தம்மா எதையும் கண்ணால பாக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. "ஏனுங்கக்கா, டிராக்டர் எப்ப வேணும்னாலும் கெடைக்குமுங்களா?" எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா அதை அப்படியே முழுங்கிட்டேன். என்ற புள்ளைக்கு அது ஆறாம் மாசம்.

குடி வர்ற அன்னைக்கு உப்பு, மஞ்சள், நெறைகொடம் எல்லாம் கொண்டாந்தாங்க. அதுக்கும் முன்னாடி அந்தம்மா ஒரு போட்டோவை ஹாலுல மாட்டுச்சு. இதேதான், இந்தப் போட்டோதான். பேரு கோகிலவாணி, பத்தொம்பது வயசு. மில்லு வேலைக்குப் போயிட்டு ஸ்கூட்டர்ல திரும்பி வந்த புள்ளையை மணல் லாரி அடிச்சுப் போட்டுருச்சு, ஒரு வருசம் ஆச்சுன்னு சின்னராசு சொன்னாரு. அந்தம்மா அதைக் கேக்காத மாதிரி, அடுப்பைப் பத்த வெச்சுப் பாலை வெச்சுது.

பாலு மேல ஆடை கட்டி, ஓரமெல்லாம் நொரை ஏறுச்சு. நான் நின்னுக்கிட்டு இருந்தேன். இன்னும் ஒரு நிமிசம் நின்னாப் போதும், என்ற புள்ளைகிட்டப் போயிரலாம். நொரை விளிம்புக்கு வந்துச்சு. என்ற கை எனக்கே தெரியாமப் போயி அடுப்பைப் படக்குன்னு அணைச்சுருச்சு. எங்க வீட்டுக்காரர் "அடியே!"ன்னு கத்தினாரு. கத்தினாக் கத்தட்டும்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். ஓசூருத் தம்பி, கரூர் சந்து, ஜாக்கெட்டு லேபிளு, அடிச்சு ஓயற போனு, கல்லை விட்டு எறங்கின என்ற வீடு. "வேணாம் கண்ணு, இது டேமேஜு. முன்பணத்தைத் திருப்பிக் குடுத்தர்றேன், போயிருங்க"ன்னு சொல்லி அழுதேன்.

தெய்வானை என்ற கையைப் புடிச்சுது. "தெரியுமுங்கக்கா" அப்படின்னுச்சு. "எங்கூர்ல எல்லாருக்குந் தெரியும். அதுக்குத்தான் வந்தோம்." அப்பறம் சொல்லுச்சு: "அஞ்சு மணி ஆனா மில்லு விடற நேரம். நான் ரோட்டுக்குப் போயி நின்னுக்குவேன். மழைன்னாலும் நிப்பேன். வர்றவங்க போறவங்க எல்லாரும் வீட்டுக்குப் போ ஆத்தான்னு சொல்றாங்க. போனா, அவ செருப்பு வாசல்ல கெடக்குது. என்னால முடியலீங்கக்கா. ஒரு வருசமா மாத்திரை முழுங்கியும் முடியல. வீட்டை இழுத்துக்கிட்டுப் போயி அவளைப் பொதைச்ச எடத்துல நிறுத்தி ஒரு ராத்திரி படுக்கறேன். விடிஞ்சா எனக்கு ஒண்ணும் தெரியக் கூடாது."

நான் சின்னராசைப் பாத்தேன். "ஏனுங்க, நீங்களும் இதுக்குச் சரீங்கறீங்களா? உங்களுக்கு மறக்காதே"ன்னேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "ரெண்டு பேருஞ் சொமக்க முடியலீங்க. அவ எறக்கி வெக்கட்டும், நான் சொமந்துக்கறேன்" அப்படின்னாரு. தெய்வானை திரும்ப அடுப்பைப் பத்த வெச்சுது. பாலு பொங்கி வழிஞ்சுது. வீடு ஒரு குலுங்குக் குலுங்குச்சு, என்ற கணுக்கால்ல கட்டியிருந்த கயித்தை யாரோ அவுத்து விட்ட மாதிரி இருந்துச்சு. அன்னைக்கே பொள்ளாச்சி பஸ் ஏறிட்டேன், கடிகாரத்தைப் பாக்காம.

ரஞ்சனிக்குப் பொம்பளைப் புள்ளை. அதா, உள்ள தொட்டில்ல தூங்கறா. புள்ளைக்கு அஞ்சு மாசம் ஆனப்ப, மனசு அரிச்சுக்கிட்டே இருக்குதேன்னு, காட்டுக்காரர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து பாக்கின்னு சாக்குச் சொல்லிட்டு ஒரு நாள் மத்தியானம் அங்க போனேன். தெய்வானை வாசல்ல பூச்செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு. கன்னம் வெச்சிருந்துச்சு. மல்லிகைப் பூ வெச்சிருந்துச்சு. அஞ்சு வருசம் வயசு கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு. என்னைப் பாத்ததும், "வாங்கக்கா, வீடு வித்தவங்கதானே நீங்க?"ன்னு உள்ள கூட்டிக்கிட்டுப் போயிக் காப்பி போட்டுச்சு. ஹாலுல அந்தப் போட்டோ அப்படியே இருந்துச்சு. மூலையில சின்னராசு உக்காந்திருந்தாரு. மனுசன் கரைஞ்சு எலும்பாப் போயிருந்தாரு. பாத்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

தெய்வானை காப்பியைக் குடுத்துட்டு, போட்டோவைக் காட்டிச்சு. "நல்லவேளை வந்தீங்க. இதை மறந்துட்டுப் போயிட்டீங்கன்னு இவரு சொன்னாரு. தொடைச்சுத் தொடைச்சு வெச்சிருக்கறேன். உங்க புள்ளையாங்கக்கா?"

நான் சின்னராசைப் பாத்தேன். அவரு என்னைப் பாக்கல, தரையையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"ஆமா கண்ணு, என்ற புள்ளைதான்" அப்படின்னேன்.

தெய்வானை ஆணியில இருந்து போட்டோவை எடுத்து, முந்தானையால ஒருக்கா கண்ணாடியைத் தொடைச்சு, கொஞ்ச நேரம் பாத்துட்டு என்ற கையில குடுத்துச்சு. "எத்தனை களையான மொகமுங்கக்கா! ஊரு கண்ணெல்லாம் இது மேலதான் இருக்கும். வாரத்துல ஒரு நாளாவது உப்பு மொளகா எடுத்துச் சுத்திப் போடுங்க, மறந்தறாதீங்க" அப்படின்னுச்சு.

ஞாயித்துக்கெழமை ஆனா சுத்திப் போடறேன். மொதல்ல பேத்திக்கு, அப்பறம் இந்தப் போட்டோவுக்கு. வீட்டுல யாரும் ஏன்னு கேக்கறதில்லை. நீங்க என்னவோ அக்ரிமெண்ட்டுல என்ன பாக்கணும், தண்ணி வசதி எப்படி, வாடகை எத்தனை ஏறும்னு கேட்டு வந்தீங்க. அதெல்லாம் சொல்றேன், ஒரு பேப்பர் எடுத்துக்கங்க.

அம்மிணி, உங்க மோரு அப்படியே இருக்குது பாருங்க. குடிச்சுட்டு மொதல்ல இதைச் சொல்லுங்க, உங்களுக்குக் கொழந்தைங்க எத்தனை பேரு?